கங்கைகொண்ட சோழபுரம்: தலைநகர் எழுந்த கதையும் மண்மேடான கதையும்

அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே, சிதம்பரம் போகும் சாலையை ஒட்டி நிற்கிறது கங்கைகொண்ட சோழீசுவரம். வருகிறவர்களில் பெரும்பாலோர் விமானத்தைப் பார்க்கிறார்கள், நந்தியைப் பார்க்கிறார்கள், சிங்கக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கோயிலுக்குத் தென்மேற்கே சுமார் 2 கி.மீ. தள்ளி மாளிகைமேடு இருக்கிறது. அங்கே இருந்துதான் ஏறக்குறைய 250 ஆண்டுகள், 1025 வாக்கில் தொடங்கி 1279 வரை, சோழப் பேரரசு ஆளப்பட்டது. இன்று அங்கே காணக் கிடைப்பது செங்கல் அடித்தளங்கள், சில கருங்கல் தூண்பீடங்கள், பானை ஓடுகள்.

தஞ்சைப் பெரிய கோயில் நிற்கிறது, தஞ்சை ஊரும் நிற்கிறது. இங்கே கோயில் நிற்கிறது, ஊரைக் காணோம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் படையெடுப்பு என்று ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி பதில்கூட ஆகாது. இந்த நகரத்தின் எழுச்சிக்கும் அழிவுக்கும் இரண்டு பொருள்களே சாட்சி: தண்ணீர், செங்கல்.

ஏன் கொள்ளிடத்துக்கு வடக்கே?

முதலாம் ராஜேந்திரன் 1012-ல் தந்தையோடு சேர்ந்து ஆளத் தொடங்கினான், 1014-ல் தனியரசனானான். 1022–23-ல் அவன் படை வேங்கி, கலிங்கம் வழியாக வங்கம் வரை போய்க் கங்கை நீரோடு திரும்பியது. அந்த வெற்றியின் பெயரால் எழுந்ததே புதிய நகரம். ஆனால் பெயர்க்காரணம் வேறு, இடத்தேர்வின் காரணம் வேறு. வெற்றிச்சின்னம் மட்டும் வேண்டுமென்றால் தஞ்சையிலேயே இன்னொரு கோயில் எழுப்பியிருக்கலாம்.

தஞ்சாவூர் காவிரிப் படுகையின் தென்மேற்கு விளிம்பில் இருக்கிறது. ராஜராஜன் காலத்துப் போர்முனைகள் பாண்டி நாடும் சேர நாடும் ஈழமும். அதற்கு அந்த இடம் பொருந்தியது. ராஜேந்திரன் காலத்தில் தலைவலி வடக்கே இருந்தது. துங்கபத்திரைக் கரையில் மேலைச் சாளுக்கியர், கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இடையே வேங்கி அரியணைப் பூசல், இடையில் தொண்டை மண்டலம். தஞ்சையிலிருந்து வடக்கே படை நகர வேண்டுமென்றால் முதலில் காவிரியின் கிளைகளையும் பிறகு கொள்ளிடத்தையும் தாண்ட வேண்டும். கொள்ளிடம் வெள்ளம் வடிக்கும் ஆறு. ஆடி முதல் கார்த்திகை வரை அது எப்போது கரை தொடும் என்று சொல்ல முடியாது. யானைகளும் வண்டிகளும் தீவனமும் ஒரு கரையில், அரசன் ஆணை இன்னொரு கரையில் என்று ஆகிவிடும். தலைநகரைக் கொள்ளிடத்துக்கு வடகரையில் வைத்துவிட்டால் காஞ்சி வழி எப்போதும் திறந்திருக்கும். தெற்கேயிருந்து யாராவது வந்தால் அதே கொள்ளிடம் அகழியாக நிற்கும்.

நிலமும் ஒத்துழைத்தது. ஜெயங்கொண்டம் பக்கம் மேட்டு நிலம், செம்மண், வெள்ளம் ஏறாது. டெல்டாவின் ஒரு வேலி நன்செய்யைக்கூட அழிக்காமல் ஒரு பெருநகரைப் பரப்பிப் போட இடம் கிடைத்தது. நெற்களஞ்சியம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம்.

ஒன்று மட்டும் இல்லை. தண்ணீர்.

சோழகங்கம்

திருவாலங்காட்டுச் செப்பேடு, ராஜேந்திரன் தன் நாட்டில் சோழகங்கம் என்ற பெயரில் நீர்மயமான வெற்றித்தூண் ஒன்றை நிறுத்தினான் என்கிறது. இதைக் கவிநயம் என்று கடந்துவிடுகிறோம். பொறியாளர் கண்ணோடு பார்த்தால், நகரின் உயிர்நாடியைச் சொல்லும் வரி அது. இன்று பொன்னேரி என்று வழங்கும் ஏரி அந்தச் சோழகங்கத்தின் மிச்சம்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ஒரு குறிப்பு அதன் அளவைச் சொல்கிறது. கரை தென்வடலாக 16 மைல், ஏறத்தாழ 26 கி.மீ. அதில் பல உறுதியான மதகுகள். தென்கோடியில் கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் நீண்ட வாய்க்கால் ஒன்று நீர் கொண்டுவந்தது. வடகோடியில் வெள்ளாற்று நீர் சேர்ந்தது. அந்தக் குறிப்பு எழுதப்பட்ட காலத்திலேயே ஏரி பல காலமாகப் பயனற்று, உட்புறம் காடு மண்டிக் கிடந்தது.

கரை ஏன் தென்வடல்? இங்கே நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் கரை போட்டால் மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் முழுவதும் அதன் முதுகில் சாயும். மூன்று பக்கம் கரை தேவையில்லை. ஒரு நீண்ட கரை போதும். பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய வீராணம் ஏரியும் இதே வகை: கிழக்கே, தாழ்ந்த நிலத்தில், நீண்ட கரையோடு கிடக்கிறது. ராஜேந்திரனின் ஆட்கள் 100 ஆண்டுப் பழக்கம் உள்ள ஒரு வித்தையை ஒரு படி மேலே, மேட்டில் செய்தார்கள்.

கொள்ளிடம் நகருக்குத் தெற்கே 10 கி.மீ.க்குள் ஓடும்போது 60 மைல் வாய்க்கால் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. பதில் மட்டத்தில் இருக்கிறது. நகரத்துக்கு நேர்தெற்கே ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, நகரம் மேட்டில் இருக்கிறது. ஏற்றம் வைத்து ஏரியை நிரப்ப முடியாது. ஆகவே ஆறு உயரமாக ஓடும் இடத்துக்கு, மேற்கே நெடுந்தூரம் போய்த் தலைமதகு வைத்து, ஆற்றைவிடக் குறைந்த சரிவில் வாய்க்காலைக் கொண்டுவர வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: ஆறு கிலோமீட்டருக்கு 60 செ.மீ. இறங்குகிறது, வாய்க்கால் 30 செ.மீ. மட்டும் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 90 கி.மீ. ஓடி வந்த பிறகு வாய்க்கால் நீர் ஆற்று நீரைவிட 27 மீட்டர் உயரத்தில் நிற்கும். மேட்டுநிலத்தில் ஏரி நிரம்பும் ரகசியம் இவ்வளவுதான். ஆனால் அந்தச் சரிவை 90 கி.மீ. தூரமும் பிசகாமல் பிடிக்க வேண்டும். சரிவு கூடினால் உயரம் கைவிட்டுப் போகும், கரையை அரிக்கும்; குறைந்தால் நீர் தேங்கி வண்டல் படியும்.

இப்படிப்பட்ட வாய்க்கால் எங்கே கெடும் என்பது ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. முதலில் தலைமதகு. கொள்ளிடம் மணல் ஆறு. ஒவ்வொரு வெள்ளமும் மதகு வாயில் மணல் மேட்டைப் போட்டுவிட்டுப் போகும், அல்லது ஆற்றோட்டம் எதிர்க்கரைக்கு ஒதுங்கிவிடும். ஆண்டுதோறும் வெட்டி எடுக்க ஆள் வேண்டும். அடுத்தது குறுக்காறுகள். கொள்ளிடத்தின் வடகரையோரம் கிழக்கே வரும் எந்த வாய்க்காலுக்கும் மருதையாறு குறுக்கே வரும். அதன் காட்டாற்று வெள்ளம் ஒரு மழையில் வாய்க்கால் கரையை உடைத்துவிடும். பிறகு ஏரிக்கரை. 26 கி.மீ. மண்கரையில் ஆபத்தான இடங்கள் மதகுகள். கல்லும் மண்ணும் சேரும் பொருத்தில் நீர் ஊறி, நூல் கனத்தில் தொடங்கும் கசிவு மண்ணை இழுத்துக்கொண்டு பெருகும். கசிவு கலங்கலாக வருகிறது என்றால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொருள். அன்றிரவே அடைக்காவிட்டால் விடியும்போது உடைப்பு. இவ்வளவு நீளக் கரைக்கு நிரந்தரக் காவலும், எங்கே உடைந்தாலும் சில மணி நேரத்தில் கூட்டம் திரட்டும் அதிகாரமும் தேவை. ஓர் ஊர்ச்சபையின் ஏரி வாரியம் தாங்கக்கூடிய வேலை அல்ல இது. பேரரசு பின்னால் நிற்கும் வரைதான் இந்த ஏரி ஏரியாக இருக்கும்.

செங்கல்லும் மரமும்

அரியலூர் வட்டாரம் படிவுப்பாறை நிலம். சுண்ணாம்புக்கல் தாராளம், இன்றைய சிமென்ட் ஆலைகள் அதனால்தான் அங்கே இருக்கின்றன. கோயில் கட்டத் தகுந்த கருங்கல் பக்கத்தில் கிடையாது. தொலைவிலிருந்து வண்டி வண்டியாக வர வேண்டும். வந்த கல் எல்லாம் இறைவனுக்குப் போனது. அரசனுக்கே செங்கல்தான்.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் மாளிகைமேட்டில் செய்த அகழாய்வு அரண்மனையின் கட்டுமான முறையைக் காட்டியது. சுட்ட செங்கல் சுவர்கள். மெருகேற்றிய மரத்தூண்கள், அவற்றின் கால்கள் மண்ணில் படாமல் கருங்கல் பீடங்களில் நின்றன. ஈரமும் கறையானும் மரத்தின் அடியில்தான் ஏறும் என்பதால் அந்தச் செலவை மட்டும் செய்தார்கள். கூரைக்குச் சிறிய தட்டை ஓடுகளை நல்ல சுண்ணாம்புச் சாந்தில் பல வரிசைகளாகப் பரப்பியிருக்கிறார்கள். இரும்பு ஆணிகளும் பிடிப்புக் கம்பிகளும் ஏராளமாகக் கிடைத்தன. வளையல் துண்டு, தந்தப் பொருள், சீனப் பீங்கான் ஓடுகளும் வந்தன. சீனப் பீங்கானுக்கு ஆச்சரியப்பட வேண்டியதில்லை: 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழத் தூதர்கள் சுங் அரசவைக்குப் போயிருக்கிறார்கள்.

வெளிக்கோட்டை மதிலும் செங்கல்லே. 6 முதல் 8 அடி அகலம். இரண்டு செங்கல் சுவர்களை இணையாக எழுப்பி, நடுவே மணல் நிரப்பியிருக்கிறார்கள். மலிவு, வேகம், அதிர்ச்சி தாங்கும் குணம் என்று மூன்று நன்மை இதில் உண்டு. ஒரு பலவீனமும் உண்டு. மேலே மூடிய பகுதி விரிசல்விட்டு மழைநீர் உள்ளே இறங்கினால் மணல் நனைந்து பக்கவாட்டில் தள்ளும், சுவர் வயிறு பிதுங்கிச் சரியும். ஆண்டுக்கொரு முறை சாந்து பூசிக் காக்கும் வரை கோட்டை. கை விட்டால் சில தலைமுறையில் மேடு.

கல்வெட்டில் ஒரு நகரம்

தரையில் அழிந்த ஊர் கல்வெட்டில் பத்திரமாக இருக்கிறது. மதிலுக்குப் பெயர் ராஜேந்திர சோழன் மதில். கிழக்கு வாசல் திருவாசல். தெற்கே வேம்புக்குடிக்குப் போகும் வாசல் வேம்புக்குடி வாசல். ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி என்று அரசர் பெயர் தாங்கிய சாலைகள். அவற்றோடு ‘கூழையானை போன பெருவழி’ என்றும் ஒன்று. கூழையானை என்றால் குட்டையானை. எப்போதோ ஒரு குட்டையானை அந்த வழியே போயிருக்கிறது. ஊர்வாய் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. அரசு எழுத்தரும் அதையே கல்லில் வெட்டச் சொல்லிவிட்டார். அரசர் பெயர்ச் சாலைகளைவிட இந்த ஒரு பெயர்தான் இது மக்கள் புழங்கிய ஊர் என்பதை நமக்குச் சொல்கிறது.

அரண்மனையின் பெயர் சோழகேரளன் திருமாளிகை. அதன் பகுதிகளாக ஆதிபூமி என்ற தரைத்தளமும் கீழைச் சோபானம் என்ற கிழக்குப் படிவாசலும் மாவலி வாணாதிராசன் என்று பெயரிட்ட இருக்கையும் ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் காலக் கல்வெட்டில் வருகின்றன. தரைத்தளத்துக்குத் தனிப்பெயர் உண்டென்றால் மேலே தளங்கள் இருந்தன என்றே கொள்ள வேண்டும். முதலாம் குலோத்துங்கனின் 49-ஆம் ஆட்சியாண்டில் கங்கைகொண்ட சோழ மாளிகை என்று இன்னொன்றின் பெயர் வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட மாளிகைகள் இருந்திருக்கின்றன.

சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களும் பழைய வரைபடம்போல உதவும்: உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி. ஆனால் ஊர்ப்பெயரை மட்டும் வைத்து இங்கே படைக்கலச்சாலை, அங்கே சுண்ணாம்புக் காளவாய் என்று கோடு கிழித்துவிடக் கூடாது. பெயர் துப்புக் கொடுக்கும். உறுதி செய்வது அகழாய்வுக் குழி மட்டுமே.

கோயில்

மாளிகைக்கு வடகிழக்கே, ஈசானிய மூலையில் கோயில். விமானம் சுமார் 53 மீட்டர், 9 தளம். தஞ்சையில் 13 தளம். மகன் தந்தையைவிடத் தாழ்வாகக் கட்டியது மரியாதையால் என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குச் சான்று எதுவும் இல்லை. தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறுகிறது. இங்கே மூலைகள் உள்வாங்கி, பக்கங்கள் மெல்ல வளைந்து மேலே போகின்றன. வேறொரு அழகைத் தேடிய சிற்பிகளின் முடிவு இது என்பதே என் எண்ணம். கருவறை லிங்கம் சுமார் 4 மீட்டர் உயரம். முன்னே இருக்கும் பெரிய நந்தி ஒரே கல்லில் செதுக்கியதல்ல. கட்டிச் சுதை பூசியது.

நேரம் குறைவாக உள்ளவர்கள் ஒரே ஒரு சிற்பத்தையாவது நின்று பார்க்க வேண்டும்: வடக்கு வாயில் படிக்கட்டை ஒட்டிய சண்டேச அனுக்கிரக மூர்த்தி. உமையோடு அமர்ந்த சிவன், கீழே கைகூப்பி அமர்ந்திருக்கும் சண்டேசர் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். சிவனின் விரல்கள் மாலையை முடிச்சிடும் இடத்தைக் கவனியுங்கள். கல் என்பதே மறந்துபோகும். சண்டேசரில் ராஜேந்திரனையே காண்பவர்கள் உண்டு.

வெளியிலிருந்து வந்தவையும் இங்கே இருக்கின்றன. மகாமண்டபத்திலுள்ள, தாமரை வடிவில் அமைந்த சூரிய பீடம் சாளுக்கியப் பாணி. பக்கத்துச் செங்கமேட்டில் கலிங்கப் பாணியில் செந்நிறக் கல்லாலான பைரவர், பைரவி, காளி. வென்ற நாட்டுத் தெய்வங்களைக் கொண்டுவந்து தலைநகரைச் சுற்றி அமர்த்தி, பூசைக்கும் ஏற்பாடு செய்வது அக்கால அரசியல். கங்கை நீரும் இந்தச் சிற்பங்களும் ஒரே செய்தியைத்தான் சொல்லின: உலகம் இங்கே வந்து சேர்கிறது.

கோயிலில் கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டு வீரராஜேந்திரனின் 5-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கட்டியவன் கல்வெட்டு கோயிலில் இல்லாததால் எழுந்த ஐயத்தை 1987-ல் கிடைத்த எசாலம் செப்பேடு தீர்த்தது. கங்கைகொண்ட சோழீசுவரத்தை ராஜேந்திரன் எடுப்பித்ததை அது சொல்கிறது.

250 ஆண்டு

ராஜேந்திரனுக்குப் பின் வந்தவர்கள் பெரும்பாலும் இங்கிருந்தே ஆண்டார்கள். 1054-ல் கொப்பத்தில் ராஜாதிராஜன் யானைமேல் மடிய, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடித் திரும்பிவந்ததும் இந்த நகருக்குத்தான். 1070-ல் அதிராஜேந்திரன் இறந்து, வேங்கியிலிருந்து வந்த குலோத்துங்கன் அரியணை ஏறினான். அரச குலத்தின் கிளையே மாறிய அந்த நெருக்கடியையும் நகரம் தாங்கியது. புலவர்கள் கங்காபுரி என்று பாடினார்கள். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் கை ஓங்கியது. 1279-ல் மூன்றாம் ராஜேந்திரனோடு சோழர் ஆட்சி முடிந்தது.

பாண்டியர் கோயிலை விட்டுவைத்தார்கள். அவர்கள் கல்வெட்டுகளும் அங்கே உண்டு. ஆனால் அவர்களுக்கு மதுரை இருந்தது. கொள்ளிடத்து வடகரையில் இன்னொரு தலைநகர் எதற்கு? இந்த நகரத்துக்குத் துறைமுகம் இல்லை, பேராறு இல்லை, ஊரைத் தானாக வாழவைக்கும் பெருஞ்சந்தை இல்லை. அரண்மனையை நம்பியே ஊர். அரண்மனை போனதும் எழுத்தர், படை, பொற்கொல்லர், நெசவாளர் எல்லோரும் போயிருப்பார்கள். தஞ்சைக்கு நாயக்கரும் மராட்டியரும் வந்தார்கள். இங்கே யாரும் வரவில்லை.

ஏரியைப் படையெடுத்து வந்தவர்கள் வேண்டுமென்றே உடைத்தார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஊர்மக்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. நடந்திருக்கலாம். ஆனால் கரை உடைப்பு ஒரு கோடையில் அடைத்துவிடக்கூடிய காயம். 60 மைல் வாய்க்காலை ஆண்டுதோறும் வெட்டிப் பேண ஆளில்லாமல் போனதே மீளமுடியாத இழப்பு. உடைத்தவர்களைவிட அடைக்க ஆளில்லாததுதான் ஏரியைக் கொன்றது.

1836

நகரத்தின் செங்கற்களை ஊர்மக்கள் மெல்ல மெல்லத் தோண்டி வீட்டுக்கும் கிணற்றுக்கும் கொண்டுபோனார்கள். பெரிய, நன்றாகச் சுட்ட செங்கல்; காளவாய்ச் செலவு மிச்சம். இதனால் அகழாய்வாளர்களுக்குப் பெரிய சிக்கல். சுவர் இருந்த இடத்தில் சுவர் இருக்காது. அதை உருவிய பள்ளம், பின்னால் விழுந்த கலங்கல் மண்ணோடு, சுவரின் வடிவத்தில் இருக்கும். அந்த மண்ணின் நிறவேறுபாட்டைப் பிடிக்கத் தவறினால் மாளிகையின் அறைப்பிரிப்பே தப்பாகிவிடும். மேலடுக்கு, கீழடுக்கு ஓடுகளும் கலந்துவிடுவதால் காலக்கணிப்பும் தடுமாறும்.

கோயிலுக்கு வந்த கேடு வேறு வகை. 1836-ல் ஆங்கிலேயர் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். படுகையில் கல் கிடையாது. 10 கி.மீ.க்குள் வெட்டிச் சீராக்கிய கருங்கல் ஒரு மதிலாக நின்றுகொண்டிருந்தது. கோயில் சுற்றுமதிலை ஏறக்குறைய முழுவதும் பெயர்த்தார்கள். சிற்ப வேலைப்பாடுள்ள கற்களும் போயின. ஊர்மக்கள் தடுத்தார்கள், தண்டிக்கப்பட்டார்கள். கல்மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு, அந்த 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு எழுதப்படும் வரை நிறைவேறவில்லை. கல் பஞ்சத்தால் செங்கல்லில் எழுந்த நகரம் இது. அதே கல் பஞ்சம் 800 ஆண்டு கழித்து அதன் ஒரே கல் கட்டடத்தின் மேல் கை வைத்தது. கீழணை இன்றும் வடவாற்று வழியாக வீராணத்துக்கு நீர் தருகிறது. சோழர் கோயில் கல் சோழர் ஏரிக்கு நீர் திருப்பிக்கொண்டிருக்கிறது.

இனி

2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் கோயில் சேர்ந்தது. 2020–21 பருவத்தில் தொடங்கிச் சில பருவங்கள் மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை மறுபடியும் அகழாய்வு செய்தது. கோயிலுக்குக் கிடைத்த பாதுகாப்பு நகரத்துக்கும் ஏரிக்கும் கிடைக்க வேண்டும்.

வெளியே எடுத்த செங்கல் சுவர், மண்ணுக்குள் இருந்ததைவிட வேகமாக அழியும். மழையில் நனைந்து வெயிலில் காயும்போது உள்ளிருக்கும் உப்பு மேற்பரப்புக்கு வந்து படிகமாகி, செங்கல்லின் தோலைப் பொடிப்பொடியாக உரிக்கும். சிமென்ட் பூசினால் இன்னும் மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லே உடையும். மேற்கூரை, சுற்றிலும் வடிகால், பழுதுக்குச் சுண்ணாம்புச் சாந்து மட்டும் என்பதே விதி. ஆவணப்படுத்திய குழிகளில் கூரை போட முடியாதவற்றைத் துணி விரித்து மணல் போட்டு மூடிவிடுவது நல்லது. மூடிய குழியில் பார்க்க ஒன்றுமில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. திறந்து விட்டால் 20 ஆண்டில் உண்மையிலேயே பார்க்க ஒன்றும் இருக்காது.

ஏரிக்குச் செய்ய வேண்டியது வேறு. பழைய 16 மைல் கரையின் தடத்தை வருவாய்த்துறைப் புலப்படங்கள், செயற்கைக்கோள் படங்கள், நிலமட்ட அளவீடு மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து முழுவதும் குறிக்க வேண்டும். கரை பல இடங்களில் வயலாகவும் சாலையாகவும் மாறியிருக்கும்; மட்டம் மட்டும் பொய் சொல்லாது. மதகு இருந்த இடங்களில் கல் கிடைக்கும். வாய்க்கால் தடத்தையும் மருதையாற்றை அது கடந்த இடத்தையும் கண்டுபிடித்துவிட்டால், சோழர் நீர்மட்டக் கணக்கை முதல்முறையாக எண்களில் பேசலாம். மண் அள்ளும் இயந்திரங்கள் அந்தத் தடத்துக்கு வருவதற்குள் இந்த அளவீடு முடிய வேண்டும்.